செனோட்டே பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்

மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் இருக்கும் இயற்கைக் குழிக்குளங்களான செனோட்டேக்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிலத்தடி நீர் என் தொழில், குகை முக்குளிப்பு என் பைத்தியம். ஹோட்டல், விமானக் கட்டணம் பற்றியெல்லாம் என்னிடம் கேட்டுப் பயனில்லை. வந்த வரிசையிலேயே பதில்.

வடபழனி வாசி: இவை விண்கல் விழுந்து உண்டான பள்ளங்கள்தானே?

பாதி சரி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இதே யுகாட்டானின் சிக்சுலூபில் விண்கல் விழுந்தது உண்மை. அந்தப் பள்ளம் இன்று நூற்றுக்கணக்கான மீட்டர் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. அதன் விளிம்புக்கு நேர் மேலே, மெரிடா நகரத்துப் பக்கம், ஒரு வில்லாக செனோட்டேக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகும் துலூம், பிளாயா டெல் கார்மென் பக்கத்துக் குளங்கள் அந்த வளையத்தில் சேராதவை.

எந்த செனோட்டேயையும் செய்தது மழைதான். கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளித்த மழைநீர், பாறை வெடிப்புகளில் இறங்கி அரித்துக்கொண்டே போகும். அடியில் நன்னீரும் கடல்நீரும் கலக்கும் மட்டத்தில் அரிப்பு இன்னும் அதிகம். இப்படித்தான் குகைகள் வந்தன. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியபோது குகைகள் வற்றின. தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் போனதும், மெலிந்த இடங்களில் கூரை இடிந்து விழுந்தது. அந்தத் திறப்புதான் செனோட்டே. உள்ளே நீருக்கடியில் தொங்கும் கல் விழுதுகளைப் பார்ப்பீர்கள். அவை நீருக்குள் வளரவே முடியாது. குகை வற்றிக் கிடந்த காலத்தில் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் ஓயோ நெக்ரோ என்ற குழிக்குள் ஒரு பதின்வயதுப் பெண் விழுந்தாள். அவள் எலும்புக்கூடு 2007இல், வெள்ளம் நிரம்பிய குகையின் அடியில் கிடைத்தது.

குரோம்பேட்டை: கான்கூனிலிருந்து ஒருநாள் சாகசச் சுற்றுலா. எனக்கு நீச்சல் தெரியாது. போகலாமா?

தாராளமாக. காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் புவெர்த்தோ மொரேலோஸிலிருந்து காட்டுக்குள் போகும் 'செனோட்டே பாதை'க்குக் கூட்டிப்போவார்கள். திறந்த குளம் ஒன்று, பாதிக் கூரை உள்ளது ஒன்று, முழுக் குகை ஒன்று என்று கலந்து காட்டுவார்கள். கயிற்றில் இறக்குவார்கள், கம்பியில் தொங்கவிட்டுக் குளத்துக்கு மேலே சறுக்க விடுவார்கள். கத்த வேண்டியதுதான்.

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இதையேதான் சொல்வேன். இங்கே கரை படிப்படியாக ஆழமாவதில்லை. மரமேடையிலிருந்து ஒரு அடி எடுத்து வைத்தால் காலுக்குக் கீழே பல மீட்டர் தண்ணீர். கடலில் உப்பு உங்களைத் தூக்கிவிடும், இந்த நன்னீர் அந்த அளவு தூக்காது. தண்ணீர் வருடம் முழுக்க 24, 25 டிகிரி. சென்னை வெயிலில் பழகிய உடம்புக்கு முதல் நிமிடம் மூச்சு வாங்கும்.

எனக்குப் பிடித்தது மெரிடாவுக்குத் தென்கிழக்கே இருக்கும் குசாமா. பழைய கற்றாழை நார்ப் பண்ணைக்குப் போட்ட குறுகிய தண்டவாளத்தில், குதிரை இழுக்கும் பலகை வண்டியில் போக வேண்டும். ஒரே தடம். எதிரே வண்டி வந்தால் ஒரு வண்டியில் எல்லாரும் இறங்கி, வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி ஓரம் வைத்து, மற்றது போனபின் திரும்பத் தூக்கி வைப்பார்கள். கம்பிச் சறுக்கலை விட எனக்கு இதுதான் சாகசம்.

டாலஸ் அம்மா: சன்ஸ்க்ரீன் போட்டுக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. கொசு மருந்தும் கூடாது, தலைக்கு எண்ணெயும் கூடாது. இறங்கும் முன் குளித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வடக்கு யுகாட்டானில் தரைமேல் ஆறே கிடையாது. ஊர் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெங்களூரு: பவளப்பாறைக்குக் கெடுதல் இல்லாத சன்ஸ்க்ரீன் என்றால்?

அதுவும் கூடாது. அங்கே பவளப்பாறை இல்லை, குடிநீர் இருக்கிறது.

நியூ ஜெர்சி: இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா?

மெக்சிகோ தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். என்னை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

சிங்கப்பூர்: என்னிடம் ஓப்பன் வாட்டர் முக்குளிப்புச் சான்றிதழ் இருக்கிறது. குகைக்குள் போகலாமா?

பகல் வெளிச்சம் தெரியும் பகுதி வரை, முழுக் குகைப் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு, போட்டிருக்கும் கயிற்றை விடாமல் போகலாம். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு. குகை வாயில்களில் எமன் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும். அதைத் தாண்டி உங்களைக் கூட்டிப்போகிறேன் என்று வழிகாட்டி சொன்னால் காசு போனாலும் பரவாயில்லை, மேலே ஏறிவிடுங்கள். கடலில் கோளாறு என்றால் மேலே வரலாம். இங்கே மேலே பாறை.

சட்டத்துக்குள்ளேயே பார்க்க நிறைய உண்டு. நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் எல்லையில், முன்னால் போகிறவர் காலில் மாட்டிய துடுப்பு இரண்டையும் கலக்கிவிட்டால், தோசைக்கல்லுக்கு மேல் காற்று நெளிவதுபோல் எல்லாம் கலங்கித் தெரியும். ஒரு அடி கீழே இறங்கினால் மறுபடி பளிச்சென்று ஆகிவிடும்.

புத்தூர் பெடியன்: அண்ணை, உந்த மெக்சிக்கோக் கதையை விடுங்கோ. எங்கட யாழ்ப்பாணத்து நிலாவரையும் உதுதானே? அடியில்லாக் கிணறு எண்டுதான் சின்னனில கேள்விப்பட்டனாங்கள்.

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆமாம், ஒரே குடும்பம். யாழ் குடாநாடும் சுண்ணாம்புக்கல். வழுக்கையாற்றை விட்டால் சொல்லிக்கொள்ள ஆறு இல்லை. நிலாவரையிலும் கூரை இடிந்த குழிதான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அடி உண்டு, 50 மீட்டர்ச் சொச்சம்.

மதுரைக்காரி: ராமர் அம்பு விட்டு உண்டான தீர்த்தத்தை இடிந்த கூரை என்கிறீர்களே!

அம்பை நான் மறுக்கவில்லை. அம்பு பட்ட இடத்தில் கல் ஏன் பொத்துக்கொண்டது என்பதைத்தான் சொன்னேன்.

புத்தூர் பெடியன்: அப்ப நிலாவரையில போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில மிதந்த கதை?

சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு குழியின் தண்ணீர் தூரத்து ஊற்றில் வெளிவருவது சகஜம். கதை கட்டியவர் தண்ணீரை நன்றாகப் புரிந்துகொண்டவர். ஆனால் எலுமிச்சை மிதக்கும். நீருக்கடிச் சுரங்கத்தில் நுழைய அது முதலில் முங்க வேண்டுமே! நாங்கள் பழத்துக்குப் பதில் ஒளிரும் சாயத்தைக் கரைத்துவிட்டு, ஊற்றில் வருகிறதா என்று பார்ப்போம்.

கவலைப்பட வேண்டியது வேறு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதைத் திருப்பிப் போடுங்கள்: மேலே ஒரு மீட்டர் இறைத்தால் கீழே உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். பம்பு வைத்து இறைப்பதும், தோட்டத்து உரம் கிணற்றில் நைட்ரேட்டாக இறங்குவதும் யாழ்ப்பாணத்தின் தலைவலி. யுகாட்டானில் உரத்தின் இடத்தில் ஹோட்டல் கழிவு. மண் மெல்லியதாக இருப்பதால் வடிகட்ட எதுவுமில்லை.

திருச்சி: அப்படியென்றால் நிலாவரையிலேயே நீந்தலாமே, செலவு மிச்சம்?

பார்க்கப் போங்கள், இறங்காதீர்கள். அங்கே ஜாக்கெட் கொடுத்துக் கூட வருகிற வழிகாட்டி கிடையாது.

தோகா: மன்னிக்கவும், மெக்சிகோவுக்குத் திரும்பலாமா? குழந்தைக்கு மட்டும் கொஞ்சம் சன்ஸ்க்ரீன்...

டாலஸ் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். ஜாக்கெட் குழந்தை அளவில் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், அது முக்கியம்.

சேலம்: நரபலி கொடுத்த குளத்திலா நீந்த விடுகிறார்கள்?

மாயர்களின் பழைய நகரமான சிச்சேன் இட்சாவின் புனித செனோட்டேயைச் சொல்கிறீர்கள். அங்கே நீந்த அனுமதி இல்லை. அமெரிக்கத் தூதரக அதிகாரி எட்வர்ட் தாம்சன் 1904 முதல் அதைத் தூர்வாரியதில் தங்கம், பச்சைக்கல், மனித எலும்புகள் வந்தன. நிறையப் பொருள்கள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பகுதிதான் பிறகு திரும்பியது. சுற்றுலா வேன்கள் நீந்த விடுவது பக்கத்தில் இருக்கும் 'இக் கில்' என்ற செனோட்டேயில். தரையிலிருந்து 26 மீட்டர் கீழே தண்ணீர், படி இறங்க வேண்டும். திறந்தவுடன் போய்விடுங்கள், மதியம் போனால் தண்ணீர் முழுக்க மனிதத் தலையாகத் தெரியும்.

கோவை: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். 'சின் மன்டேகா' (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்ச் சட்னியை முதலில் நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், ஆந்திரா ஊறுகாய் சாப்பிட்ட தைரியத்தில் கரண்டியால் அள்ள வேண்டாம்.