பக்கத்துத் தெரு சுஷி கடை: கேள்வியைப் போடுங்க, பதில் சொல்றேன்

சுஷின்னா வினிகர் கலந்த சாதத்தோட மீன், பெரும்பாலும் பச்சையாவே, வச்சுத் தர்ற ஜப்பான் சாப்பாடு, அந்தக் கவுண்டருக்குப் பின்னாடி நின்னு பல வருஷம் மீன் வெட்டினவன் நான். பெரிய பெரிய இடங்களைப் பத்தி நிறைய பேர் எழுதறாங்க, ஆனா நாம அடிக்கடி போறது வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன கடைக்குத்தான். அங்கே கம்மி காசுல ரொம்ப நல்லாவே சாப்பிடலாம், எதைப் பார்க்கணும் எதைக் கேக்கணும்னு தெரிஞ்சா போதும். கேளுங்க.

கேள்வி: அண்ணா, விலை கம்மியா இருக்கிற கடைல பச்சை மீன் சாப்பிட பயமா இருக்கு. புழு இருக்கும்ங்கறாங்களே, உண்மையா?

பயம் நியாயம்தான் தம்பி, ஆனா விலையை வச்சு பயப்படாதீங்க. கடல் மீன்ல அனிசாகிஸ்னு ஒரு புழு இருக்கலாம், உயிரோட உள்ள போச்சுன்னா வயித்து வலி, வாந்தின்னு படுத்திடும். அதைக் கொல்ல ரெண்டு வழிதான் நம்பகமானது, ஒண்ணு வேக வைக்கணும், இல்ல ஒழுங்கா உறைய வைக்கணும். அமெரிக்காவோட உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்ற கணக்கு மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல 7 நாள், இல்லைன்னா மைனஸ் 35ல முழுசா உறைய வச்சு அதே குளிர்ல 15 மணி நேரம். சின்ன கடைங்களுக்கு நிறைய மீன் இப்படி உறைஞ்சுதான் வந்து சேருது, அதனால "ஃப்ரோசன் மீனா"ன்னு மூஞ்சிய சுளிக்காதீங்க, அதுதான் உங்களைக் காப்பாத்துது. பண்ணைல தீனி போட்டு வளர்க்கிற சால்மன்ல இந்தப் புழு ஆபத்து ரொம்பவே கம்மி.

ஆனா ஃப்ரீசர் புழுவைத்தான் கொல்லும், பாக்டீரியாவை கொல்லாது, வளராம நிறுத்தி வைக்கும் அவ்வளவுதான். மீனோட ஐஸ் கரைஞ்சதுக்கு அப்புறம் அதை எவ்வளவு சுத்தமா, எவ்வளவு ஜில்லுனு வச்சிருக்காங்கங்கறதுதான் மிச்சக் கதை. அதனாலதான் நான் எப்பவும் கூட்டம் இருக்கிற கடையா பாருங்கன்னு சொல்றது, மீன் வந்த வேகத்துல தீர்ந்துடும். "சுஷி கிரேடு"ன்னு கடைல எழுதியிருக்காங்களேன்னு கேப்பீங்க, அமெரிக்காலயே அதுக்கு சட்டப்படி ஒரு வரையறை கிடையாது, விக்கிறவங்க போடற பேர் அது.

கேள்வி: கடைக்குள்ள போன உடனே நல்ல கடையான்னு எப்படி ப்ரோ கண்டுபிடிக்கிறது?

முதல்ல மூக்கு. மீன் நாத்தம் அடிச்சா உக்காரவே வேண்டாம், திரும்பிடுங்க. நல்ல கடைல லேசா வினிகர் வாசனை வரும், மீன் வாசனையே தெரியாது.

அப்புறம் சாதம். எல்லாரும் மீனையே பார்க்கறாங்க, எனக்கு சாதம்தான் முக்கியம், ஏன்னா விலை உயர்ந்த மீனை அந்தக் கடையால வாங்க முடியாம இருக்கலாம், ஆனா சாதத்தை ஒழுங்கா வடிச்சு வினிகர், சர்க்கரை, உப்பு சரியா கலக்கறதுக்கு பெரிய காசு தேவையில்ல, அக்கறை மட்டும்தான் வேணும். ஒரு நிகிரி எடுத்துப் பாருங்க, அதாவது சாத உருண்டை மேல ஒரு துண்டு மீன் வச்சது. கைல எடுக்கும்போது உடையக் கூடாது, வாயில போட்டதும் தானா உதிரணும். பருக்கை பருக்கையா தெரியணும், லேசா வெதுவெதுப்பு இருக்கணும், கிட்டத்தட்ட நம்ம உடம்புச் சூடு. சாதம் ஜில்லுனு கெட்டியா கடிபட்டா அது ஃப்ரிட்ஜ்ல இருந்து வந்தது, வேற ஒண்ணும் யோசிக்க வேண்டாம். அதே மாதிரி ரோலை, அதாவது சாதத்தைச் சுருட்டி வெட்டினதைக் கடிச்சா, மேல சுத்தின நோரிங்கற கடல்பாசித் தாள் இழுத்துக்கிட்டு ரப்பர் மாதிரி வந்தா, அது செஞ்சு நேரமாச்சு.

மீன் அடுக்கியிருக்கிற கண்ணாடிப் பெட்டிலயும் ஒரு கண்ணு வைங்க, ஓரம் காய்ஞ்சு பழுப்பா இருக்கா, அடில தண்ணி தேங்கி நிக்குதா. மெனு சின்னதா இருந்தா எனக்கு சந்தோஷம், நாப்பது வகை மீன் போட்டிருக்கிற சின்ன கடைல அத்தனையும் இன்னைக்கு வந்ததா இருக்க வழியே இல்ல.

கேள்வி: முதல் தடவை போறேன். என்ன ஆர்டர் பண்றது?

மதியம் போங்க, லஞ்ச் செட் இருக்கும், அதே மீன் ராத்திரி விலைய விட பெரும்பாலும் கம்மியா கிடைக்கும். வேக வச்சதுல ஆரம்பிங்க: எபிங்கற இறால், உனாகிங்கற விலாங்கு, தமாகோங்கற முட்டை. உனாகி எப்பவுமே சுட்டுதான் வரும், இனிப்பு சாஸ் தடவி இருக்கும், பச்சை மீன் பயம் இருக்கறவங்களுக்கு அதை விட நல்ல தொடக்கம் இல்ல. அடுத்து சால்மன். முன்னாடி ஜப்பான்லயே சால்மனை பச்சையா சாப்பிடற பழக்கம் பெருசா இருந்ததில்ல, 1980கள்ல நார்வேக்காரங்க அவங்க பண்ணை சால்மனைக் கொண்டு போய் விடாம சொல்லிச் சொல்லி பழக்கினதுதான், இன்னைக்கு பெரும்பாலான சுஷி கடைல அது இருக்கு. மாயோனீஸ், காரச் சாஸ் எல்லாம் ஊத்தி வர்ற பெரிய ரோல்களை முதல் நாள் விட்டுடுங்க, தப்பில்ல, ஆனா அதுல மீனோட டேஸ்ட் தெரியாது.

கேள்வி: நான் சுத்த சைவம். ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடறாங்க, எனக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா கவனமா கேட்டு வாங்கணும், இது முக்கியமான கேள்வி. வெள்ளரிக்கா வச்ச கப்பா மாகி, அவகாடோ ரோல், ஊறுகாய் முள்ளங்கி ரோல், இதெல்லாம் பொதுவா பிரச்சனை இல்ல. மாட்டிக்கறது எங்கேன்னா "தாஷி"ல. அது ஒரு சூப் தண்ணி, பெரும்பாலும் காய வச்ச மீனைச் சீவிப் போட்டு எடுக்கறது, கண்ணுக்கு மீனே தெரியாது. மிசோங்கற புளிக்க வச்ச சோயா விழுதுல செய்யற சூப்ல அது இருக்கும். இனாரின்னு டோஃபு பைக்குள்ள சாதம் வச்சு தருவாங்களே, அந்தப் பையை வேக வைக்கிற தண்ணிலயும் இருக்கலாம். தமாகோ முட்டைலயும்தான். டெம்புரான்னா நம்ம பஜ்ஜி மாதிரி மாவுல தோய்ச்சுப் பொரிச்சது, காய்கறி டெம்புரா மாவுல முட்டை கலக்கறது சகஜம், எண்ணெயும் இறால் பொரிச்ச அதே எண்ணெயா இருக்கலாம். அதனால "வெஜிடேரியனா"ன்னு மட்டும் கேக்காதீங்க, "ஆமா"ன்னு சொல்லிடுவாங்க, "மீன் தாஷி போட்டிருக்கா, முட்டை போட்டிருக்கா"ன்னு பேர் சொல்லிக் கேளுங்க. கத்தியும் கட்டையும் துடைச்சுட்டு வெட்டித் தரச் சொல்றதுல கூச்சமே வேண்டாம், நல்ல செஃப் யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

கேள்வி: கைல சாப்பிடலாமா, குச்சி கட்டாயமா? வசாபிங்கற அந்தக் காரப் பச்சை விழுதை சோயா சாஸ்ல கரைக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டார்.

நிகிரியை கைல சாப்பிடறது ஜப்பான்லயே சகஜம், தாராளமா சாப்பிடுங்க. சாதம் இல்லாம மீன் மட்டும் வர்ற சஷிமிக்குத்தான் குச்சி. சோயா சாஸ்ல சாதப் பக்கத்தை முக்காதீங்க, ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி உப்புக் கரிக்கும், கிண்ணத்துலயே உதிர்ந்தும் போகும், லேசா சாய்ச்சு மீன் பக்கத்தை மட்டும் தொட்டுக்கோங்க. மீன் முட்டை வச்சதைச் சாய்ச்சா கொட்டிடும், அதுக்கு ஒரு இஞ்சித் துண்டை சாஸ்ல தொட்டு மேல தடவுங்க. அந்த இஞ்சி ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவுல வாயை சுத்தம் பண்ண, சுஷி மேலயே வச்சு சாப்பிடறதுக்கு இல்ல.

வசாபி கரைக்கிறதுக்கு எல்லாம் சண்டை வேண்டாங்க. சின்ன கடைல கிடைக்கிற அந்தப் பச்சை உருண்டை பெரும்பாலும் குதிரை முள்ளங்கி, கடுகு, கலர் கலந்ததுதான், நிஜ வசாபி விலை அதிகம், துருவினதுமே வாசனை போக ஆரம்பிச்சிடும். நிகிரில செஃப் ஏற்கனவே கொஞ்சம் தடவியிருக்கலாம், அதை மட்டும் முதல்ல டேஸ்ட் பண்ணிப் பாத்துட்டு சேர்த்துக்கோங்க.

கேள்வி: சூப்பர் ஒயிட் டூனான்னு மெனுல பார்த்தேன், விலை கம்மி. வாங்கலாமா?

வேண்டாம் சார். அந்தப் பேர்ல வர்றது நிறைய இடத்துல டூனாவே இல்ல, எஸ்கோலார்னு வேற ஒரு மீன். வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனா அதுல இருக்கிற மெழுகு மாதிரி கொழுப்பு நமக்கு செரிக்காது, கொஞ்சம் அதிகமா சாப்பிட்டா வயிறு கலங்கி ஓட விடும். ஜப்பான்ல விக்கவே தடை. அதே மாதிரி டூனா ரோஸ் கலர்ல பளீர்னு இருந்தா ஃப்ரெஷ்னு நம்பிடாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாயுவை மீன் மேல காட்டினா பழசானாலும் அந்தக் கலர் மாறாது. டூனா சாப்பிடும்போது நாக்குல மிளகு மாதிரி சுருக்னு எரிஞ்சா உடனே நிறுத்திடுங்க, சரியா குளிர்ல வைக்காததுனால உடம்புக்கு ஆகாத ஹிஸ்டமின்ங்கற பொருள் அதுல ஏறியிருக்கலாம், சமைச்சாலும் அது போகாது.

கேள்வி: அண்ணா, நான் மாசமா இருக்கேன், சுஷி ஆசையா இருக்கு.

வாழ்த்துகள்மா. பச்சை மீனை இப்போ தொடாதீங்க. சூடா அப்பவே சமைச்ச இறால் டெம்புரா ரோல், சுட்ட உனாகி, காய்கறி ரோல்னு சாப்பிடலாம், பிக்ஐ டூனா மாதிரி மெர்குரி அதிகமான மீன் வெந்திருந்தாலும் வேண்டாம். உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: சுஷி தட்டுங்க பெல்ட்ல சுத்தி வர்ற கன்வேயர் பெல்ட் கடைல எதை எடுக்கறது?

பெல்ட்ல சுத்தறதை எடுக்கறதை விட செஃப்கிட்டயோ ஸ்க்ரீன்லயோ சொல்லி புதுசா வாங்குங்க, பெரும்பாலும் அதே விலைதான். 1958ல ஒசாகா பக்கத்துல ஷிராயிஷி யோஷியாகிங்கறவர் பீர் ஃபேக்டரி பெல்ட்டைப் பார்த்து இதைக் கொண்டு வந்தார், சாதாரண ஆளும் சுஷி சாப்பிட முடிஞ்சது அதனாலதான், எனக்கு அவர் மேல பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: பார்சல் வாங்கி ராத்திரிக்கு வச்சுக்கலாமா?

வாங்கின கையோட சாப்பிட்டுடுங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சா சாதம் கல்லாயிடும், வெளில வச்சா மீன் கெட்டுடும், ரெண்டுக்கும் நடுவுல வழி இல்ல. கட்டாயம் பார்சல்தான்னா வெள்ளரிக்கா, உனாகி ரோல் மாதிரி வாங்குங்க, பச்சை மீன் நிகிரியை கடைல உக்காந்து சாப்பிடற நாளுக்கு வச்சுக்கோங்க.