கடல்நீர்த் தொட்டியில் புல் நடுமுன் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: நன்னீர்ச் செடித் தொட்டிகள் வைத்துப் பழகியவன் நான். இப்போது 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் கடல்நீர் நிரப்பி, உயிர்ப்பாறையும் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியேறிய பவளப்பாறைத் துண்டுகள்) கடற்புல்லும் வைக்க ஆசை. முன்பு ஒருமுறை இரண்டு அங்குலப் பவளச் சரளையில் நட்ட புல் மூன்றே வாரத்தில் பழுத்து உதிர்ந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டேன். எங்கே தவறு? நன்னீர்த் தொட்டிக்குப் போடும் உரமும் கார்பன் டை ஆக்சைடும் இதற்கும் வேண்டுமா?

பதில்: நெல் நாற்றைப் பறித்து நட்டால் சில நாள் வாடிப் பழுத்து நிற்கும், வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். கடற்புல்லும் அப்படித்தான். ஆனால் அதற்குச் சில நாள் போதாது. சில வாரம், சமயத்தில் இரண்டு மாதம்கூட ஆகும். பழைய இலை முழுவதும் உதிர்ந்தாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் அதில் உயிர் இருக்கிறது. மூன்று வாரத்தில் பிடுங்கியது அவசரம்.

அதைவிடப் பெரிய தவறு சரளை. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொண்டு நீரிலிருந்தே சத்தை எடுத்துவிடும். கடற்புல்லோ வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடி. இலை வழியாகவும் சத்தை எடுக்கும் என்றாலும் அதன் பிழைப்பு மண்ணில்தான். இரண்டு அங்குலச் சரளையில் வேர் எங்கே போகும்?

எனவே இந்தத் தொட்டியைப் பாறைத் தொட்டியாக நினைக்காமல் ஒரு சிறு வயலாக நினைத்து அமையுங்கள். நைசான அரகோனைட் (சுண்ணாம்புச் சத்துள்ள) மணல் 15 செ.மீ. உயரத்துக்கு வேண்டும். உங்கள் தொட்டி அளவுக்குச் சுமார் 60 லிட்டர் மணல், காய்ந்த நிலையிலேயே 80, 90 கிலோ வரும். தாங்குபலகை அந்தப் பாரத்தைச் சுமக்குமா என்று முதலில் பாருங்கள். அடியுரமாகச் சாணமோ மட்கோ கலக்கவே கூடாது. காற்றில்லாத ஆழத்தில் அது அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகி வேரைக் கருக்கிவிடும். ஆழத்தில் மணல் ஓரளவு கறுப்பது இயல்பு, அதைக் கிளறாதீர்கள். புல் வேர் பிடித்தால் தன்னைச் சுற்றித் தானே ஆக்சிஜனைக் கசியவிடும். இயற்கைப் புல்வெளிகளில் லூசினிட் என்ற சிறு சிப்பிகளும் துணைக்கு உண்டு. அவற்றின் செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பைடையே எரிபொருளாக்கிக்கொள்கின்றன. மண்ணுக்கடியில் இப்படி ஒரு கூட்டு வாழ்க்கை நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பாறை விஷயத்தில் ஆசையை அடக்குங்கள். தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மணல்மேல் நேரடியாக அடுக்கினால், துளைபோடும் இறால் அடியில் தோண்டும்போது சரியும். பிவிசி குழாய்த் துண்டுகளைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நிறுத்தி, அவற்றின்மேல் பாறையை ஏற்றி, பிறகு மணல் போடுங்கள். அதற்கு முன், பாறையைத் தனிப் பீப்பாயில் உப்புநீரில் போட்டு, இருட்டில், மோட்டார் ஓடவிட்டுப் பதப்படுத்த வேண்டும். வரும்வழியில் செத்த கடற்பஞ்சும் புழுவும் அழுகி முடியும்வரை அமோனியா ஏறும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகலாம். புல் நடுவது அதன் பிறகே. கடலில் எடுத்த பாறைதான் வேண்டும் என்பதில்லை. உலர்பாறையில் பாக்டீரியா ஏற்றினாலும் காலப்போக்கில் அதே வேலையைச் செய்யும். கல்பவளங்கள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, உயிர்ப்பாறை வணிகமும் அதற்குள் வரும். ஆகவே எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரையில் புல்லைப் பெயர்த்து வருவதும் வேண்டாம்.

எந்தப் புல்? தலாசியா அகல இலையோடு அழகாக வளரும், ஆனால் இன்னும் ஆழமான மணல் கேட்கும், இடமாற்றத்தையும் எளிதில் பொறுக்காது. ஸோஸ்டிரா பெரும்பாலும் குளிர்நீர்ப் புல். 26 டிகிரி தொட்டிக்குச் சரிவராது. முதல் முயற்சிக்கு ஹாலோடியூல் என்பதே என் கருத்து. மெல்லிய இலை, வேகமாகப் படரும். நுனிக்கொழுந்தோடு, முடிந்தால் அடிமண்ணோடு கிடைக்கும் பதியனாக வாங்குங்கள். நுனியில்லாத துண்டு படர்வது அரிது. தண்டைப் படுக்கைவாட்டில் 2, 3 செ.மீ. ஆழத்தில் வைத்து, வளைத்த பிளாஸ்டிக் கொக்கியால் ஊன்றுங்கள். உலோகக் கம்பி வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை, அது நீரின் காரநிலையைக் கெடுக்கும். பெரும்பாலான கடற்புல்கள் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும்.  ஆகவே நீரின் கார்பனேட், பைகார்பனேட் அளவைக் காட்டும் கேஹெச் 8-க்குக் கீழே போகாமல் பாருங்கள். நன்னீர் உரம் பலவற்றில் தாமிரம் உண்டு, அது நத்தைக்கும் இறாலுக்கும் எமன். உப்படர்த்தி 1.025. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள், லிட்டருக்கு 5 மி.கி. அளவில் இருந்தால் புல்லுக்கு நல்லது. விளக்கு பலமானதாக, நாளுக்கு 10 மணி நேரமாவது எரிய வேண்டும். இலைமேல் பாசி படர்ந்தால் ஒளி மறையும். செரித் நத்தைகள் மேய்ந்து துடைக்கும்.

தொடக்கத்தில் மிச்சச் சத்தைக் குடிக்க ஏதாவது கடற்பாசி வையுங்கள், ஆனால் காலர்பா வேண்டாம். அது திடீரென இனப்பெருக்கத்துக்குத் திரும்பி ஒரே இரவில் கரைந்து, நீரைப் பால்போலாக்கி ஆக்சிஜனை விழுங்கும். 1984-இல் மொனாக்கோ கரையோரம் கண்ட ஒரு சிறு காலர்பா திட்டுத்தான் பின்னர் மத்தியதரைக் கடலின் பல கரையோரங்களுக்குப் பரவியது. தொட்டிக் கழிவு எதையும் கடலில் கொட்டாதீர்கள்.

ஒரா மீன், சர்ஜன் மீன், கடல்முள்ளி மூன்றும் புல்லை மேய்ந்துவிடும். கடற்குதிரையும் குழல்மீனும் இந்தப் புல்வெளிக்கே பிறந்தவை. தாய்ச்செடியிலிருந்து சற்றுத் தள்ளி மணலைக் கிழித்துக்கொண்டு புதுக்கொழுந்து வந்த பிறகு அவற்றை விடுங்கள்.