பதில்: ஸ்லைடுல கிருமி இல்லை, ஆனா தட்டணு 48,000

நாய்க்கு நாலு நாளா காய்ச்சல், தட்டணு (ரத்தம் உறைய உதவுற அணு) 48,000ன்னு குறைஞ்சிருக்கு, மைக்ராஸ்கோப்ல பார்த்த ரத்த ஸ்லைடுல கிருமி தெரியலை, அப்ப உண்ணிக் காய்ச்சல் இல்லைன்னு விட்டுடலாமான்னு காங்கேயத்துல இருந்து கேட்டிருக்கீங்க. விட்டுடாதீங்கண்ணா. அந்தக் காய்ச்சலைக் கொண்டுவர்ற எர்லிக்கியாங்கற கிருமி ஸ்லைடுல சிக்குறதே அபூர்வம். தெரிஞ்சா உறுதி, தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லீங்க.

எங்க நாய்க்கும் இப்படித்தான். காது மடிப்புக்குள்ள கொட்டமுத்தாட்ட (ஆமணக்கு விதையாட்ட) ஒரே ஒரு உண்ணி. ஸ்லைடு சுத்தம், ஆனா கிருமியோட மரபணுவைத் தேடுற பிசிஆர் டெஸ்ட்ல வந்துருச்சு.

முதல்ல தட்டணுவை ஸ்லைடுல கண்ணால பார்த்து எண்ணச் சொல்லுங்க. அதுக ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கட்டியாயிருந்தா மிஷின் குறைச்சுக் காட்டும். அப்புறம் ஊதா மூடிக் குழாய்ல ரத்தம் எடுத்து பிசிஆர். இதுக்குக் குடுக்குற டாக்ஸிசைக்ளின் மருந்து தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்துருங்க. ஆனா ரிசல்ட்டுக்காக மருந்தைத் தள்ளிப் போடணுமான்னு டாக்டர் சொல்லட்டும். ரேபிட் கிட் (உடனே ரிசல்ட் காட்டுற டெஸ்ட்) கிருமியைப் பார்க்கலை, அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற எதிர்ப்பணுவைத்தான் பார்க்குது, பழைய தொற்றுக்கும் பாசிட்டிவ் வரும், ஆரம்ப நாள்ல நெகட்டிவும் வரும்.

மூத்திரம் காப்பி நிறத்துல போனா உண்ணி பரப்புற இன்னொரு கிருமியான பேபீசியாவாவும் இருக்கலாம். காது நுனி ரத்தத்துல ஸ்லைடு போடச் சொல்லுங்க.

இன்னைக்கே ஈறையும் அடிவயித்தையும் பாருங்க. ஈறு வெளுத்திருந்தாலோ, வயித்துல செம்புள்ளி இருந்தாலோ, காத்திருக்காம நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.