பிடித்தவர்களை ஏன் விட்டார்கள்? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகத்தில் நெடுநாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜூன் 26 அன்று பேத்தியின் பள்ளியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தார்கள். வந்திருந்த சிறப்பு விருந்தினர், உலக நாடுகள் எல்லாம் கைகோத்துப் போராடுவதாகப் பேசினார்.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு செய்தி படித்திருந்தேன். அரபிக் கடலில் பன்னாட்டுப் போர்க்கப்பல் ஒன்று தோணியை மறித்து ஹெராயினைப் பிடித்திருக்கிறது. சரக்கை அழித்துவிட்டு, தோணியையும் ஆட்களையும் போகவிட்டார்களாம். இது என்ன கூத்து? எங்கள் தெருவில் கஞ்சாப் பொட்டலத்தோடு நின்ற பையனை உள்ளே தூக்கிப் போடுகிறார்கள். அங்கே மூட்டைக் கணக்கில் கொண்டுவந்தவனுக்கு டாட்டா காட்டி அனுப்புகிறார்களா?

அப்புறம், தேங்காய்ப் பொடிக்குள் வைத்து அனுப்பிய வழக்கு. நம் நாட்டிலிருந்து போன சரக்கை நம் ஆட்கள் கண்டுபிடிக்க நியூசிலாந்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. உடன்பாடு, மாநாடு எல்லாம் சடங்குதானா?

சொந்த விஷயம் ஒன்று. என் தங்கை மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் அவள் அவனை ஆஸ்பத்திரிக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை.

க.
தூத்துக்குடி

அன்புள்ள க. அவர்களுக்கு,

கப்பல் தாள்களோடு புழங்கியவர் கேட்கிற கேள்வி என்பதால் கடல் விவகாரத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் படித்த மாதிரி அடிக்கடி நடக்கிறது. ஆப்கன் சரக்கு ஈரானும் பாகிஸ்தானும் பங்கிட்டுக்கொள்ளும் மக்ரான் கரைக்கு வந்து, அங்கிருந்து மரத் தோணிகளில் தெற்கே இறங்குகிறது. உங்கள் ஊர்த் தோணிகளுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். பல தோணிகளில் கொடி இருக்காது, பதிவுத்தாளும் இருக்காது. பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கடற்படை இவற்றை மறிக்கிறது. 2014 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் டார்வின், கென்யாவின் மொம்பாசாவுக்குக் கிழக்கே ஒரு தோணியில் ஏறியது. மேலே பார்த்தால் சிமென்ட் மூட்டைகள். புரட்டிப் பார்த்தால் நடுவே 46 சாக்குகளில் 1032 கிலோ ஹெராயின். 2025 மார்ச்சில் நம் கடற்படையின் தர்காஷ் கப்பல் மேற்கு இந்தியப் பெருங்கடலில் பிடித்தது 2386 கிலோ ஹஷீஷ், 121 கிலோ ஹெராயின்.

பிடித்த பிறகுதான் சிக்கல். கடற்கொள்ளைக்குக் கடல் சட்டத்தில் தனி இடம் உண்டு. எந்த நாட்டுப் போர்க்கப்பலும் கொள்ளையனைப் பிடித்து, தன் நாட்டுக்கே கொண்டுபோய், தன் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். போதைப் பொருளுக்கு அந்த இடம் கொடுக்கப்படவில்லை. 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்பாட்டில் 108-ஆவது பிரிவு, நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை. 1988-இல் வியன்னாவில் கையெழுத்தான ஐ.நா. உடன்பாடு ஒரு படி மேலே போனது. அதன் 17-ஆவது பிரிவின்படி, கப்பலில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறதோ அந்த நாட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். அது சரி என்றால் ஏறலாம், சோதிக்கலாம், நடவடிக்கை எடுக்கலாம். கொடியே இல்லாத தோணியில் கடற்படை ஏறித் தேடுகிறது, சரி. ஆனால் அதிலிருந்த ஏழெட்டுப் பேரை எந்த நாட்டு நீதிமன்றத்தில், எந்தச் சட்டப் பிரிவில் நிறுத்துவது? பல நாடுகளின் போதைத் தடுப்புச் சட்டம் நடுக்கடலில் நிற்கும் வெளிநாட்டான் வரை நீள்வதில்லை.

போர்க்கப்பல் தலைவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஆட்களை ஒப்படைக்க வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ள ஒரு நாடு சம்மதிக்க வேண்டும். அந்தத் துறைமுகத்துக்குப் போய்வர நாள் கணக்கில் ஆகும். அதுவரை ரோந்து போச்சு. பிறகு மாலுமிகள் சாட்சி சொல்ல அந்த ஊருக்குத் திரும்ப வர வேண்டும். வாங்கிக்கொள்ளும் நாட்டில் தூக்குத் தண்டனை இருந்தால் ஐரோப்பியக் கப்பல் ஒப்படைக்கத் தயங்கும். ஆகவே எடை போட்டு, படம் எடுத்து, மாதிரி வைத்துக்கொண்டு, மீதியை அழித்துவிட்டுத் தோணியை விட்டுவிடுகிறார்கள். சரக்கின் முதலாளிக்கு நட்டம், தோணிக்காரனுக்குக் கூலி போச்சு, வழக்கு இல்லை.

கூத்துதான். ஆனால் இந்தக் கூத்து தவறிப்போய் நடந்ததல்ல. தன் கொடி பறக்கும் கப்பலில் அடுத்தவன் கடற்படை ஏறுவதை எந்த நாடும் விரும்பாது. அதனால்தான் சட்டத்தை அந்த அளவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதே சட்டம் ஒழுங்காக வேலை செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் அரபிக் கடலில் இலங்கைக் கொடியோடு போன இரண்டு மீன்பிடிப் படகுகளில் ஐஸ் என்று சொல்லப்படும் மெத் போதைப் பொருள் 500 கிலோ பிடிபட்டது. தகவல் கொடுத்தது இலங்கைக் கடற்படை, பிடித்தது இந்தியக் கடற்படை. படகு, ஆள், சரக்கு மூன்றும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. கொடி எதுவென்று தெரிந்திருந்தது. அந்தக் கொடிக்குரிய நாடும் ஆட்களைத் தன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர விரும்பியது. இந்த இரண்டும் இருந்தால் போதும், மாநாட்டுத் தீர்மானம் எதுவும் தேவைப்படுவதில்லை.

தேங்காய்ப் பொடிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் தில்லியில் மூன்று பேர் 50 கிலோ சூடோஎபிட்ரினோடு பிடிபட்டார்கள். சளி மருந்தில் சேர்க்கிற பொருள்தான். அதிலிருந்துதான் மெத் எனப்படும் ஐஸைக் காய்ச்சுகிறார்கள். சத்துமாவுக்குள்ளும் உலர்ந்த தேங்காய்ப் பொடிக்குள்ளும் வைத்து மூன்று ஆண்டுகளில் 45 முறை, சுமார் 3500 கிலோ அனுப்பினார்கள் என்பது போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவின் குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் ஆட்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. முதல் தகவல் நியூசிலாந்து கஸ்டம்ஸிடமிருந்தும் ஆஸ்திரேலிய போலீஸிடமிருந்தும் வந்தது என்பது மட்டும் உண்மை.

அதில் நமக்கு வெட்கம் எதற்கு? எத்தனை ஷிப்பிங் பில் உங்கள் கைவழியாகப் போயிருக்கும்! ஏற்றுமதிக்குப் போகிற தேங்காய்ப் பொடி மூட்டையை எந்தத் துறைமுகத்தில் பிரித்துப் பார்த்தார்கள்? இறக்குமதி என்றால் சந்தேகம், ஏற்றுமதி என்றால் சலாம். உலகம் முழுக்க கஸ்டம்ஸின் கண் உள்ளே வருவதன் மேல்தான் இருக்கிறது. அடி விழுந்த ஊருக்குத்தான் முதலில் தெரியும்.

சொல்லப்போனால் அந்தச் சரக்கு தேங்காய்ப் பொடிக்குள் ஒளிய வேண்டிவந்ததே ஒரு வகையில் ஒத்துழைப்பின் பலன்தான். 1988 உடன்பாட்டின் 12-ஆவது பிரிவு இப்படிப்பட்ட மூலப்பொருள்களைக் கண்காணிப்பில் கொண்டுவந்தது. 2006-இலிருந்து இதற்கு இணையவழி ஏற்பாடும் இருக்கிறது. ஏற்றுமதி செய்கிற நாடு, சரக்கு கிளம்பும் முன்பே வாங்கும் நாட்டின் அதிகாரிக்கு அறிவிக்கும். 'இப்படி ஒரு கம்பெனி எங்கள் ஊரில் இல்லையே' என்று அங்கிருந்து பதில் வந்தால் சரக்கு இங்கேயே நின்றுவிடும். குமாஸ்தா வேலை. இதை யாரும் மேடையில் பேச மாட்டார்கள். 1998-இல் ஐ.நா. பொதுச்சபையைக் கூட்டி, போதை இல்லாத உலகம் நம்மால் முடியும் என்று முழங்கி, பத்தாண்டு கெடு வைத்தார்கள். 2008 வந்தது, போனது. அந்த முழக்கத்தைவிட இந்த அறிவிப்புத் தாள் தடுத்த சரக்கு அதிகம் என்பதே என் எண்ணம்.

துருக்கியில் நடந்ததும் இந்த ரகம்தான். 1971-இல் அமெரிக்காவின் நெருக்கடியில், அபின் தருகிற கசகசாச் செடியின் சாகுபடிக்கே தடை அறிவித்தார்கள். விவசாயி வயிறெரிந்தான். அமெரிக்கச் சந்தையில் விழுந்த இடைவெளியை மெக்சிகோ சரக்கு நிரப்பியது. 1974-இல் துருக்கிப் பிரதமர் எஜெவித்தின் அரசு தடையை நீக்கி, ஐ.நா.வின் உதவியோடு புது ஏற்பாடு செய்தது. பச்சைக் காயைக் கீறிப் பால் எடுக்கக் கூடாது. காய்ந்த காயை அப்படியே அரசுக்கு விற்க வேண்டும். மார்ஃபினை ஆலையில் பிரித்துக்கொள்வார்கள். கசகசா விதை விவசாயிக்கு. துருக்கி வயல்களிலிருந்து கள்ளச் சந்தைக்கு அபின் கசிவது அதன்பிறகு கிட்டத்தட்ட நின்றேபோனது.

எல்லாம் நன்றாக இருக்கிறதே, பிறகு எங்கேதான் ஒத்துழைப்பு படுத்துவிடுகிறது என்று கேட்டால், ஒரு நாட்டின் சொந்த வருமானத்தில் கை வைக்கிற இடத்தில்தான். அடுத்த நாட்டுச் சரக்கு என்றால் போதைப் பொருள், நம் நாட்டுச் சரக்கு என்றால் ஏற்றுமதி. இதில் நம் பங்கையும் பேசத்தான் வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் பெரிய தலைவலி ஹெராயின் இல்லை, மாத்திரை. முதலில் டிராமடால் என்ற வலி மருந்து, அதில் பெரும்பகுதி இந்தியாவில் தயாரானது. டிராமடாலைச் சர்வதேசப் பட்டியலில் சேர்க்க உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு திரும்பத் திரும்ப மறுத்துவிட்டது. ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் வலிக்குக் கிடைக்கிற ஒரே மருந்தும் இல்லாமல் போய்விடும் என்ற கவலை. அந்தக் கவலை நியாயமானதுதான். 2018 ஏப்ரலில் இந்தியா தானாகவே அதைப் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. கதவை அடைத்ததும் ஜன்னல் திறந்தது. டாபென்டடால் என்ற இன்னொரு வலி மருந்தையும் கேரிசோப்ரடால் என்ற தசைத் தளர்வு மருந்தையும் ஒரே மாத்திரையாக அடித்து அனுப்பத் தொடங்கினார்கள். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் அபாயம் உண்டு.

2025 பிப்ரவரியில் பிபிசி இதை ரகசியக் கேமராவோடு வெளியே கொண்டுவந்தது. கானாவின் வடக்கே தமாலே என்கிற ஊர். அங்கே ஊர்த்தலைவர் ஒருவர் இளைஞர்களைத் திரட்டி, வியாபாரிகளை விரட்டிப் பிடிக்கிறார். பறிமுதல் செய்த பாக்கெட்டுகளில் டாஃப்ரடால் என்ற பெயர். தயாரிப்பு, மும்பையில் உள்ள ஒரு மருந்து கம்பெனி. எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்துகிறார்கள். செய்தி வந்த சில நாள்களிலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்தக் கூட்டு மாத்திரையின் ஏற்றுமதி அனுமதிகளை ரத்து செய்தார்கள்.

ரத்து செய்தார்கள் என்றால், அதுவரை அனுமதி இருந்தது என்று அர்த்தம். தேங்காய்ப் பொடிக்குள் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. பில் உண்டு, ஏற்றுமதிச் சான்று உண்டு. எந்த உடன்பாட்டின் வலையில் அது மாட்டும்? மும்பைக்கும் கானாவின் தலைநகர் அக்ராவுக்கும் நடுவே தகவல் பரிமாறப் பாதை இல்லாமல் இல்லை. நியூசிலாந்து சொன்னதும் நான்கு மாதத்தில் ஆள் பிடிபடுகிறான். ஆப்பிரிக்க நாடுகள் வருடக் கணக்கில் கத்திய பிறகும் ஒரு தொலைக்காட்சி வந்து காட்ட வேண்டியிருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

இது நாம் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. வெள்ளைக்காரன் இந்தியாவில் அபின் பயிரிட்டு, காஜிபூர் ஆலையில் உருட்டி, பெட்டி பெட்டியாகச் சீனாவுக்கு அனுப்பினான். போதைப் பொருள் பற்றிய முதல் சர்வதேசக் கூட்டம் 1909-இல் ஷாங்காயில் 13 நாடுகளோடு கூடியபோது, உலகத்திலேயே பெரிய அபின் வியாபாரி பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம்தான். அனுமதி, ஏலம், முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தன. கிழக்கு நாடுகளுக்கான ஏற்றுமதியைப் படிப்படியாக நிறுத்துவதாக 1926-இல் அறிவித்து, 1935-இல்தான் முடித்தார்கள். காஜிபூர் ஆலை இன்றும் ஓடுகிறது, மருந்துக்காக. அதற்குக் கணக்கு, வழக்கு, சர்வதேச மேற்பார்வை எல்லாம் உண்டு. அது வேறு விஷயம்.

ஆகவே சடங்கா என்ற கேள்விக்கு என் பதில்: உறுதிமொழி சடங்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இலங்கைப் படகைப் பிடித்ததும் நியூசிலாந்திலிருந்து தகவல் வந்ததும் சடங்கில்லை. வேலை செய்கிற பகுதி எது, வருமானத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்கிற பகுதி எது என்று பிரித்துப் பார்த்துத் திட்டுங்கள்.

கடைசியாக உங்கள் தங்கை மகன். போலீஸ் பயத்தை விடச் சொல்லுங்கள். நம் போதைப் பொருள் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர்கூட, அந்தப் பழக்கத்துக்குத் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவர்மீது வழக்கு நடத்த முடியாது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். ஆகவே முழுக்க முடிக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். போகும் முன் பேச வேண்டுமென்றால் 14446 இலவச எண். சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கிற கடையைப் பற்றி 10581-இல் சொல்லலாம்.

ஊசியை யாரோடாவது மாற்றிக்கொண்டானா என்று கோபப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் அன்றே ரத்தப் பரிசோதனை எடுத்துவிட வேண்டும். இரண்டுக்கும் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

அன்புடன்