மார்பு மறுசீரமைப்புக்குப் பின் கணவர் நெருங்கத் தயங்குகிறார், எனக்கும் கூச்சம். இது மாறுமா?

மேலூரிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு: புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றி, வயிற்றுத் தோலும் கொழுப்பும் கொண்டு புதிதாக அமைத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டே உடை மாற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் இத்தகைய பெண்களைக் கவனித்துவரும் செவிலியராக நான் கண்டவரை, கணவரின் தயக்கம் பெரும்பாலும் வெறுப்பு அன்று. தொட்டால் வலிக்குமோ, தையல் பிரிந்துவிடுமோ என்ற பயமே.

அறுவையில் தோலுக்கு வரும் நரம்புகள் அறுபடுவதால், புதிய மார்பு பார்வைக்கு இயல்பாக இருந்தாலும் தொடு உணர்வு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கும். காலப்போக்கில் சிலருக்கு ஓரளவு திரும்பினாலும், முழுமையாகத் திரும்புவது அரிது. ஆகவே அங்கே கிளர்ச்சி எழாதது உங்கள் குறை அன்று. கழுத்து, முதுகு என உணர்வுள்ள இடங்களைக் கணவரின் கையைப் பிடித்து நீங்களே காட்டலாம். (வெந்நீர்ப் பையை மட்டும் மார்பில் வைக்காதீர்கள்; சுட்டாலும் தெரியாது.)

பலர் வாய்விட்டுச் சொல்லாத சங்கடம் வேறொன்று. புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரப்படும் டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் பிறப்புறுப்பு வறண்டு, உறவின்போது எரிச்சல் ஏற்படலாம். அதற்கு நீர் சார்ந்த ஜெல் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். வறட்சிக்குப் பூசும் ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) கிரீமைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. டாமாக்சிஃபென் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், மாதவிலக்கு தற்காலிகமாக நின்றிருந்தாலும் ஆணுறையோ காப்பர்-டியோ தேவை. ஹார்மோன் கருத்தடை மாத்திரை கூடாது.

உறவினர் என்ன சொன்னாலும், தாம்பத்தியத்தால் இந்நோய் தொற்றாது, திரும்பியும் வராது. அடுத்த பரிசோதனைக்குக் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். தழும்பு ஆறிவிட்டதா, எப்போது தொடலாம் என்பதை மருத்துவரே அவரிடம் நேரில் சொல்லட்டும்.