தக்கோலப் போரில் சோழர் தோற்றதால் என்ன மாறியது?

949-இல் தக்கோலத்தில் சோழரை வென்றவர் இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணர் என்றாலும், சோழ மன்னர் முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தனை யானைமேல் வீழ்த்தியவன் கிருஷ்ணரின் தமக்கை கணவனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் என்று ஆதகூர்க் கல்வெட்டு கூறுகிறது. அதற்குப் பரிசாக அவனுக்கு 'வனவாசி 12,000' என்னும் நாடு உள்ளிட்ட நாடுகள் கிடைத்தன. பராந்தகன் முன்பே வாணர்கள் என்னும் சிற்றரசர்களின் ஆட்சியைப் பறித்துத் தன் வடக்கெல்லையிலேயே பகையை வளர்த்திருந்தார் என்பதையும் மறக்கலாகாது.

இத்தோல்வியால் தொண்டை மண்டலம் சோழர் கையைவிட்டுப் போயிற்று. கிருஷ்ணரைக் 'கச்சியும் (காஞ்சியும்) தஞ்சையும் கொண்ட' கன்னரதேவர் என்றே அப்பகுதித் தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கின்றன. எனினும், தஞ்சையை அவர் நிலையாக ஆளவில்லை என்பதால், அந்தப் பட்டத்தை ஓரளவு மிகையாகவே கொள்ள வேண்டும். 973-இல் சாளுக்கியரான இரண்டாம் தைலபன் இராட்டிரகூடரை வீழ்த்திய பின்னர், சோழரின் வடக்குப் பகைவர் கல்யாணிச் சாளுக்கியர் ஆயினர்.