டிரிப் காபி மேக்கரில் காபி ஏன் தண்ணியாகவும் கசப்பாகவும் வருகிறது?

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தூள் போதவில்லை. கொஞ்சத் தூளின் மேல் நிறையத் தண்ணீர் ஓடினால் நல்ல சுவை முதலிலேயே இறங்கிவிடும், பிறகு வருவது கசப்பு மட்டுமே. ஜாடியில் போட்டிருக்கும் 'கப்' கோட்டையும் ஸ்பூன் கணக்கையும் நம்பாதீர்கள். தராசில் நிறுத்து, லிட்டருக்கு 60 கிராம் போடுங்கள். 600 மில்லிக்கு 36 கிராம்.

அடுத்தது அரைப்பு. பித்தளை ஃபில்டருக்கென்று அரைத்த சிக்கரி கலந்த தூள் இதற்கு ஆகாது. சிக்கரி ஊறி உப்பி, காகித வடிகட்டியை அடைக்கும். தண்ணீர் தேங்கி விளிம்பு வழியே வழியும். சிக்கரி இல்லாமல், ரவை பதத்துக்கு அரைத்து வாங்குங்கள். 600 மில்லி 4 முதல் 6 நிமிடத்தில் இறங்க வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் அரைப்பைக் கொரகொரப்பாக்குங்கள், சீக்கிரம் முடிந்தால் நைசாக்குங்கள்.

மலிவான மெஷின்களில் தண்ணீர் நடுவில் மட்டுமே விழும், ஓரத்துத் தூள் காய்ந்தே கிடக்கும். தூள் நனைந்ததும் மூடியைத் திறந்து ஸ்பூனால் மெதுவாக ஒரு சுற்றுக் கலக்கினாலே வித்தியாசம் தெரியும். ஆவி அடிக்கும், கை கவனம்.

தண்ணீர் 92 முதல் 96 டிகிரியில் தூளைத் தொட வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு குழாயில் படிந்தால் மெஷின் இரைச்சல் போட்டுத் திணறும், அந்தச் சூடும் வராது. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, தூள் போடாமல் மெஷினில் ஓட்டி, பாதி ஓடியதும் 20 நிமிடம் நிறுத்தி, மீதியை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர்.

இறங்கிய காபியைச் சூட்டுத் தட்டிலேயே விடாமல் உடனே பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள்.